இதயத்தின் பிரேக்கில் 25 எழுத்து மிஸ்ஸிங்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் ஊழியர்கள் ஏன் கவனிக்கணும்?

ஒரகடத்தில் ஒரு ஷிஃப்ட் 8 மணி நேரம். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால், அதற்குள் இதயம் 33,600 முறை சுருங்கி விரிந்திருக்கும். டீ பிரேக் கிடையாது.

ஒவ்வொரு துடிப்பையும் நடத்துவது கால்சியம்தான். மின் சிக்னல் வந்ததும் இதயத் தசை செல்லுக்குள் கொஞ்சம் கால்சியம் நுழைகிறது. அது செல்லுக்குள் இருக்கும் கால்சியம் கிடங்கைத் திறந்துவிட, அங்கிருந்து மொத்தமாகக் கொட்டுகிறது. ‘ட்ரோபோனின்’ என்ற புரதத்தில் அது ஒட்டியதும் பூட்டு விலகும். மயோசின் இழைகள் ஆக்டின் இழைகளைப் பிடித்து இழுக்கும். தசை சுருங்குகிறது. கால்சியத்தைத் திரும்ப வெளியேற்றினால்தான் தசை தளரும். அந்த பம்புகளுக்கும் எனர்ஜி வேணும். ரெஸ்ட் எடுக்கவும் இதயம் உழைக்கணும்!

இந்த இழுவைக்கு ஒரு பிரேக்கும் உண்டு. பெயர், மயோசின் பைண்டிங் புரோட்டீன்-சி. மயோசினில் ஒரு பகுதியை ரிசர்வில் பிடித்து வைப்பது இதன் வேலை. ஓடும்போதோ பதறும்போதோ அட்ரினலின் சுரந்தால், பிடி தளரும். இதயம் பலமாக அடிக்கும்.

நம்ம ஊர் கதை இங்கேதான் வருகிறது. இந்தப் புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருப்பதாக, ஹைதராபாத் சிசிஎம்பி-யின் கே.தங்கராஜ் உள்ளிட்ட குழு 2009-ல் ‘நேச்சர் ஜெனடிக்ஸ்’ இதழில் எழுதியது. 50 பேர் போகும் கம்பெனி பஸ்ஸில், தோராயமாக 2 பேர். இதயத் தசை நோய், ஹார்ட் ஃபெயிலியர் ஆபத்தோடு இது தொடர்புடையது.

பயப்பட வேண்டாம். இது இருக்கும் பலருக்கு இளம் வயதில் எதுவுமே தெரியாது. கூடவே இன்னொரு மரபணு மாற்றமும் இருப்பவர்களுக்குத்தான் சிக்கல் அதிகம் என்று பிறகு வந்த ஆய்வு சொன்னது.

ஆனால் மெடிக்கல் செக்கப்பை வெறும் சம்பிரதாயமாக நடத்தினால் பயன் இல்லை. இசிஜி நார்மல் என்று வந்தாலும், தசை தடித்திருப்பது சிலருக்கு எக்கோவில்தான் தெரியும். எல்லோருக்கும் எக்கோ எடுக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. வீட்டில் யாராவது இளவயதில் திடீரென இறந்தார்களா, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, மயக்கம் வந்ததுண்டா என்று கேட்க 2 நிமிடம் போதும். ‘ஆம்’ என்றால் எக்கோவுக்கு அனுப்பலாம். அந்த பதிலைக் காட்டி வேலையைப் பறிக்கக் கூடாது. வேலை போயிடும் என்ற பயம் இருந்தால், யார்தான் உண்மையைச் சொல்வார்கள்?