எம்டனைப் பிடிக்க முடியாத பெரிய கப்பல்!

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறு வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை வரை போய்த்தான் கடலைப் பார்க்கிறது.

ஆனாலும், ஒரு கப்பலின் பெயர் அங்கும் தெரியும். துடுக்குக்காரப் பையனைக் கண்டால், "இவன் பெரிய எம்டன்!" என்று தமிழ்நாடு முழுவதும் சொல்வது வழக்கம் அல்லவா?

எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு, சென்னை மீது சுமார் 130 குண்டுகளை வீசியது. துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள்.

அப்போது இந்தியக் கடலைக் காக்கும் பிரிட்டிஷ் படைக்குத் தலைமைக் கப்பல் ஒன்று இருந்தது. அதன் பெயர் 'ஸ்விப்ட்ஷூர்'. எடையில் எம்டனைப்போல் மூன்று மடங்கு! அந்தப் பெயரை இன்று யாரும் சொல்வதில்லை.

வேண்டாத சரக்கு

ஸ்விப்ட்ஷூர் பிரிட்டனுக்காகக் கட்டப்பட்ட கப்பலே அல்ல. தென் அமெரிக்காவில் சிலி நாடும் அர்ஜென்டினாவும் முறைத்துக்கொண்டிருந்தபோது, சிலி 2 கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தது. 1902-ல் இரு நாடுகளும் சமாதானம் ஆகிவிட்டன. கப்பல்கள் விலைக்கு வந்தன.

ரஷ்யா வாங்கிவிடுமோ என்று பிரிட்டன் பயந்தது. ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போர் மூளும் நேரம் அது. ஜப்பானோ பிரிட்டனின் நண்பன். எனவே, 1903 டிசம்பரில் பிரிட்டனே இரண்டையும் வாங்கியது. விலை 24 லட்சம் பவுனுக்கு மேல். அன்றைய கணக்கில் பவுனுக்கு 15 ரூபாய் என்றால், மூன்றரைக் கோடி ரூபாயைத் தாண்டும்!

அடுத்தவன் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக மாடு வாங்கினால், அது நம் ஏருக்கு ஒத்துவருமா?

கப்பலில் 10 அங்குல பீரங்கி 4, ஏழரை அங்குல பீரங்கி 14 இருந்தன. இரண்டு அளவுக் குண்டுகளும் ஒன்றாகக் கடலில் விழுந்தால், எந்தத் தண்ணீர்த் தெறிப்பு எந்தக் குண்டினுடையது என்று தெரியாது. குறியைத் திருத்துவது கஷ்டம்.

1906-ல் பிரிட்டனே 'டிரெட்நாட்' என்ற புதுக் கப்பலைக் கட்டியது. அதில் 12 அங்குல பீரங்கிகள் 10; எல்லாம் ஒரே அளவு. வேகமும் அதிகம். அன்றோடு உலகின் பழைய பெரும் போர்க்கப்பல்கள் எல்லாம் கிழடு ஆகிவிட்டன. ஸ்விப்ட்ஷூருக்கு அப்போது வயது இரண்டுதான்!

ஓட்டத்தில் தோல்வி

பெயரிலே வேகம் உண்டு. ஆனால் புதிதாக இருந்தபோதே மணிக்கு சுமார் 20 கடல் மைல்தான் ஓடும். எம்டன் 23 கடல் மைலுக்கு மேல் ஓடும். யானை முயலைத் துரத்திய கதைதான்!

ஆகவே பம்பாயிலிருந்து ஏடனுக்கு இந்தியச் சிப்பாய்களை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கு அது காவல் போயிற்று. அந்த வேலையைச் சரியாகவே செய்தது. எம்டனை ஒழித்தது, நவம்பர் 9-ந் தேதி 'சிட்னி' என்ற வேகமான ஆஸ்திரேலியக் கப்பல்.

பிறகு ஸ்விப்ட்ஷூர் சூயஸ் கால்வாயைக் காத்தது. துருக்கிக் கரையில் குண்டு வீசியது. அதன் ஜோடிக் கப்பலான 'டிரையம்ப்', 1915 மே 25-ந் தேதி ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோவால் மூழ்கியது. ஸ்விப்ட்ஷூர் 1920-ல் பழைய இரும்பாக விற்கப்பட்டது.

இன்றைய கேள்வி

இந்தியாவிடம் இப்போது 2 விமானந்தாங்கிக் கப்பல்கள் இருக்கின்றன. 2022-ல் கடற்படையில் சேர்ந்த 'விக்ராந்த்' கட்ட, சுமார் 20 ஆயிரம் கோடி ரூபாய் ஆயிற்று. மூன்றாவது வேண்டுமா என்ற விவாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது.

அதே 2022-ல், ரஷ்யாவின் 'மாஸ்க்வா' என்ற பெரிய போர்க்கப்பலை உக்ரைன் கரையிலிருந்து ஏவிய ஏவுகணைகள் மூழ்கடித்தன. பெரிய கப்பலே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் அல்ல. நடுக்கடலில் விமானத்துக்குத் தளம் வேண்டுமானால் விமானந்தாங்கி வேண்டும். ஆனால், பக்கத்து நாட்டிடம் இருக்கிறதே என்று வாங்குவது வேறு. இன்ன வேலைக்கு என்று வாங்குவது வேறு. அந்த வேலை என்ன, அதைச் சிறிய கப்பல்களும் நீர்மூழ்கிகளும் செய்ய முடியாதா என்பதை அரசு முதலில் சொல்ல வேண்டும்.

கல்வராயன் மலையில் மரவள்ளி பயிரிடுகிறவர் சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறார். கப்பலின் விலையில் அவர் காசும் இருக்கிறது.