ஒன்பதா, எட்டா?

கோள்கள் எத்தனை என்று பள்ளியில் கேட்டால் தமிழ்ப் பிள்ளை எட்டு என்கிறது. கோயிலில் ஒன்பது கற்சிலைகளைக் காட்டி, இவையே கோள்கள் என்கின்றனர் பெற்றோர். எது மெய் என்று அது வினவினால், அது தேர்வுக்கு, இது வாழ்வுக்கு என்று வாயடைக்கின்றனர். கற்ற அறிவைத் தேர்வுத்தாளோடு வீசியெறியப் பழக்கும் இக் கொடுமைக்கு 'நவக்கிரகம்' என்று பெயர்!

அவ்வொன்பதையும் எண்ணிப் பார்க்கட்டும். ஞாயிறு கோளன்று, தானே ஒளிவிடும் விண்மீன். திங்களோ நிலவுலகைச் சுற்றும் துணைக்கோள். இராகுவும் கேதுவும் பொருள்களே அல்ல. திங்களின் பாதை ஞாயிற்றின் தோற்றப் பாதையை வெட்டும் இரு புள்ளிகள். அவ்வெறும் புள்ளிகளுக்குத்தாம் உளுந்தும் கொள்ளும் படைக்கப்படுகின்றன! எஞ்சுவன ஐந்தே. பிள்ளை காலூன்றி நிற்கும் நிலவுலகு அவ்வரிசையில் இல்லவே இல்லை. 1781-இல் வில்லியம் எர்சல் கண்ட யுரேனசும் இல்லை. 1846-இல் பெர்லினில் காணப்பட்ட நெப்டியூனும் இல்லை. 1930-இல் கண்ட புளூட்டோவைக் கோளென்ற அறிவியலார், 2006-இல் அதைக் குறுங்கோள் என்று மாற்றினர். எண்ணிக்கையைத் திருத்திக்கொள்ள அவர்கள் நாணவில்லை.

அச்சுறுத்தல் மிகுதியும் காரியின் பெயரால்தான் நடக்கிறது. 'ஏழரைச் சனி' என்றதும் படித்தவனும் நடுங்குகிறான். காரி ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டு ஆகும். வான்வட்டத்தைப் பன்னிரண்டு வீடாகப் பகுத்தால், ஒரு வீட்டைக் கடக்க ஏறத்தாழ 2½ ஆண்டு. மூன்று வீட்டுக்கு ஏழரை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் இக் கணக்கில் துன்பம் எங்கிருந்து நுழைந்தது? 2004 முதல் 2017 வரை காசினி என்னும் விண்கலம் காரியைச் சுற்றிச் சுற்றி ஆராய்ந்தது. அது கண்டவை வளிப்படலமும், பெரும்பாலும் பனிக்கட்டித் துண்டுகளாலான வளையங்களும், துணைக்கோள்களுமே.

சொல்லிலும் சூழ்ச்சி உண்டு. கிரகம் என்னும் வடசொல்லுக்குப் பற்றிப் பிடிப்பது என்று பொருள். சொல்லும்போதே பேயச்சம் ஏறுகிறது. தமிழனோ செம்மை கண்டு செவ்வாய் என்றான். வெண்மை கண்டு வெள்ளி என்றான். கருமை கண்டு காரி என்றான். நாண்மீன் வேறு, கோண்மீன் வேறு எனப் பட்டினப்பாலைக் காலத்திலேயே பிரித்தறிந்தான். மைம்மீன் புகைந்தாலும், வெள்ளி தென்றிசை ஓடினாலும் பாரியின் நாட்டில் மழை பொய்க்கவில்லை என்பது புறநானூற்றில் கபிலர் வாக்கு. அவ்வச்சம் அன்றும் இருந்தது, மறைப்பதற்கில்லை. ஆயினும் வானத்து மீனினும் மன்னன் செங்கோலையே பெரிதாக வைத்தார் அப் புலவர். இன்றைய பாடநூல்கள் கோள் என்று எழுதுவது நன்றே. ஞாயிற்றுக் குடும்பம், அறிவன், காரி என்று எழுத மட்டும் ஏன் கை கூசுகிறது? சூரியக் குடும்பமும் புதனும் சனியும் அங்கே இன்னும் குந்தியிருக்கின்றன.

பிள்ளைகளைத் தெருவுக்கு அழைத்துச் செல்க. ஒரு சாண் குறுக்களவுள்ள பூசணிக்காயை ஞாயிறாக வைக்க. அங்கிருந்து ஐம்பது முழத்துக்குச் சற்று அப்பால் ஒரு கடுகை வைத்தால் அதுதான் நிலவுலகு; நாடும் கடலும் மலையும் எல்லாம் அதற்குள்ளேதான். பூசணியிலிருந்து ஐந்நூறு முழத்துக்கும் மேல் தள்ளி ஒரு சிறு நெல்லிக்காய் வைத்தால் அது காரி. அந் நெல்லிக்காய் இக் கடுகின்மேல் குடியிருக்கும் ஒரு பெண்ணின் திருமணத்தை மட்டும் எப்படித் தேடிப்பிடித்துத் தடுக்கிறது என்று முழம்போட்டு அளந்த பிள்ளை கேட்கும். காணிக்கை வாங்கும் கணியர் அதற்கு விடை சொல்லட்டும்.