மலைப்பாதையில் கொதிக்கும் அம்பாசிடர்: கரண்ட் விசிறி மாட்டலாமா?

திருத்தணிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் அப்பா காலத்து டீசல் அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. 365 படி ஏற முடியாத அம்மாவை கிருத்திகைக்குக் கிருத்திகை காரிலேயே மலைக்குக் கூட்டிப் போகிறார். கூட்ட நாளில் வண்டிகள் வரிசையாக ஊரும்போது ரேடியேட்டர் கொதித்து ஆவி அடிக்கிறது. 'கரண்ட் விசிறி ஒன்றை மாட்டி, டேஷ்போர்டில் சுவிட்ச் வைத்தால் போதும்' என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். செய்யலாமா, வயரிங் எப்படி என்பது அவர் கேள்வி.

விசிறி மாட்டலாம். அந்த சுவிட்ச் யோசனை மட்டும் வேண்டாம்.

வண்டி எப்போது கொதிக்கிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். அம்பாசிடரின் விசிறி, வாட்டர் பம்ப்போடு ஒரே தண்டில் பெல்ட்டால் சுழல்வது. இன்ஜின் மெதுவாக ஓடினால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். ஆகவே நின்று ஊரும்போது மட்டும் கொதித்தால், காற்று போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். திருப்பதி ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதும் கொதிக்கிறதா? அங்கே எதிர்க்காற்றே தாராளம்; புது விசிறி எதையும் சாதிக்காது. போர் தண்ணீரின் உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், பெல்ட் தளர்ந்திருக்கலாம், மூடியின் ஸ்பிரிங் போயிருக்கலாம், ஹெட் கேஸ்கட்டே போயிருக்கலாம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்களின் பட்டியலில் திருத்தணி பெயர் அடிக்கடி வருகிறது. அந்த வெயிலில் இந்தக் கோளாறுகளோடு ஓட்டினால் ஹெட் வளைந்து, செலவு பல மடங்காகும். முதலில் இவற்றைச் சரிசெய்து, வெறும் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்ற வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

அடுத்து, பலரும் கவனிக்காமல் விடுவது: வண்டியில் இருப்பது டைனமோவா, ஆல்டர்னேட்டரா? அந்தக் காலத்து டைனமோ முழு வேகத்தில் சுற்றினாலே சுமார் 22 ஆம்பியர்தான் கொடுக்கும். ஐடிலிங்கில் கிட்டத்தட்ட ஒன்றும் தராது. விசிறிக்கோ சுமார் 10 ஆம்பியர் தேவை, அதுவும் வண்டி ஊர்கிற நேரத்தில்தான். இரவில் ஹெட்லைட்டும் எரிந்தால், வரிசையிலேயே பேட்டரி இறங்கிவிடும். டைனமோ வண்டியானால், முதலில் ஆல்டர்னேட்டருக்கு மாற்றிவிட்டு விசிறியைப் பற்றி யோசிப்பதுதான் முறை.

பழைய விசிறியைக் கழற்ற வேண்டியதில்லை. ரேடியேட்டருக்கு முன்னால், கிரில் பக்கம், கூடுதலாக ஒரு விசிறி வைப்பதே இந்த வண்டிக்குப் பொருத்தம். கரண்ட் விசிறி நின்றாலும் பழையது சுற்றிக்கொண்டிருக்கும். முன்னால் வைக்கும் விசிறி காற்றைப் பின்னோக்கித் தள்ளும் வகையாக இருக்க வேண்டும். கடையில் 'புஷர்' என்று கேட்டு வாங்கலாம். சின்ன கார்களில் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து காற்றை இழுக்கும் விசிறியைக் காயலான் கடையில் வாங்கி, வயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றும்தான். ஆனால் அதன் இலை வளைவு வேறு. காற்று பாதியாகக் குறையும். விசிறியைப் பட்டையும் போல்ட்டும் வைத்துச் சட்டத்தோடு பிடிக்க வேண்டும். ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் டேக் செருகிக் கட்டினால், அதிர்வில் உராய்ந்து ஓட்டை விழும்.

வயரிங்கைப் புரிந்துகொள்ள மோட்டார் ஷெட்டில் இருக்கும் ஸ்டார்ட்டரை நினைத்துக்கொண்டால் போதும். பச்சை பட்டன் வழியாக மோட்டாரின் முழுக் கரண்டும் போவதில்லை. பட்டன் காயிலை மட்டும் இயக்குகிறது, காயில் இழுக்க, கனமான காண்டாக்ட் வழியாகக் கரண்ட் மோட்டாருக்குப் போகிறது. காரில் அந்த வேலையைச் செய்வது ரிலே. டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேராக 10 ஆம்பியரை ஓட்டினால் சுவிட்சும் மெல்லிய பழைய வயரும் சூடாகும். பழைய கார்களில் ஃபியூஸ்கள் சொற்பம். உருகும் வயரைத் தடுக்க ஆளில்லை. பானட்டுக்குள் தீ பிடிப்பது இப்படித்தான். தவிர, சுவிட்சைப் போட மறந்தாலும் கொதிக்கும், அணைக்க மறந்தாலும் பேட்டரி போகும்.

நான்கு முனை கொண்ட 12 வோல்ட், 30 ஆம்பியர் ரிலே வாங்கினால் முனைகளில் எண் இருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ். அங்கிருந்து 30-ம் எண்ணுக்கு. 87-ம் எண்ணிலிருந்து விசிறிக்கு. விசிறியின் இன்னொரு வயர், பெயின்ட் சுரண்டிய இடத்தில் பாடிக்கு. இந்த வயர்கள் 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 86-ம் எண்ணுக்கு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனிலிருந்து ஒரு சின்ன ஃபியூஸ் வழியாக இணைப்பு. 85-ம் எண்ணிலிருந்து தெர்மோ சுவிட்சுக்கு. அது சூடானதும் எர்த்தோடு சேர்த்துவிடும். வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட வேண்டும். மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் முனையே பாடியோடு இணைந்திருக்கும். அப்படியிருந்தால் இந்த வரிசை பொருந்தாது. எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே சரி.

தெர்மோ சுவிட்ச் 90 முதல் 95 டிகிரிக்குள் ஆன் ஆவதாக இருக்கட்டும். தெர்மோஸ்டாட் சுமார் 82 டிகிரியில் திறக்கும். அதற்குக் கீழே ஆன் ஆகும் சுவிட்சை வைத்தால் விசிறி ஓயாமல் ஓடும். மேல் ஹோஸை வெட்டி, உலோக இணைப்பு வைத்து சுவிட்சைத் திருகுவது எளிது. இரண்டு பக்கமும் ரப்பர் என்பதால் அந்த உலோகத்துக்குத் தனியாக எர்த் வயர் கொடுக்காவிட்டால் விசிறி சுற்றவே சுற்றாது. 'ரிலே போச்சு' என்று மாற்றி மாற்றிப் பார்ப்பவர்களில் பலர் சறுக்குவது இங்கேதான்.

முடிந்ததும் வண்டியை நிழலில் நிறுத்தி ஐடிலிங்கில் ஓடவிடலாம். விசிறி ஓடத் தொடங்கியதும், அதன் முன்னால் ஒரு தாளைப் பிடித்தால் உள்ளே இழுக்கப்பட வேண்டும். வெளியே பறந்தால் வயர் மாறியிருக்கிறது. பத்து நிமிடம் கழித்து வயரையும் ரிலே அடியையும் தொட்டால் வெதுவெதுப்புக்கு மேல் சுடக் கூடாது. சாவியை எடுத்தால் விசிறியும் நின்றுவிடும் என்பதால், மேலே போய்ச் சேர்ந்ததும் இரண்டு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணைப்பது நல்லது. சாவி போட்டிருக்கும்போது எந்த நேரமும் அது தானாகச் சுற்றத் தொடங்கும், பிள்ளைகள் கிரில் பக்கம் கை விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.