கண்ணைக் கசக்கினால் கார்னியா கூம்பாகுமா? கெரட்டோகோனஸ் என்பது என்ன?

தூசு பட்டாலும், தூக்கம் வந்தாலும், செல்போனைப் பார்த்து சோர்ந்தாலும் கை தானாக கண்ணுக்குப் போகும். 'ரெண்டு தடவை கசக்கினா சரியாகிடும்' என்பது நம்ம கணக்கு. எப்போதாவது என்றால் பரவாயில்லை. தினமும், விரல் முட்டியை வைத்து அழுத்தி, வருஷக்கணக்கில் கசக்கினால்தான் சிக்கல்.

கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் கார்னியா, நடுப்பகுதியில் சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதற்கு பலம் தருவது கொலாஜன் இழைகள். அவை பலவீனமாகி, கார்னியா மெலிந்து, கூம்பு போல முன்னால் துருத்துவதுதான் கெரட்டோகோனஸ். பெரும்பாலும் டீன் ஏஜில் தொடங்கும். பார்வை மங்கும், எழுத்து இரண்டாகத் தெரியும், சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போகும். 'போன வருஷம்தானே கண்ணாடி மாத்தினோம்' என்று வீட்டில் திட்டு விழும்.

கூடைப்பந்து நட்சத்திரம் ஸ்டீபன் கரி தனக்கு இந்த நோய் இருப்பதாக 2019-ல் சொன்ன பிறகுதான் பலருக்கு இந்தப் பெயரே தெரிந்தது. காண்டாக்ட் லென்ஸ் போட்டுத்தான் அவர் விளையாடுகிறார்.

கசக்குவது மட்டும்தான் காரணமா? இதில் மருத்துவர்களிடையே சண்டையே உண்டு. கசக்காவிட்டால் கூம்பே வராது என்கிறார் பாரிஸைச் சேர்ந்த கண் மருத்துவர் டேமியன் கேட்டினல். பரம்பரையாகவே பலவீனமான கார்னியாவை கசக்கல் இன்னும் கெடுக்கிறது என்பது மற்ற பலரின் வாதம். குடும்பத்தில் சிலருக்கு சேர்ந்தே வருவதைப் பார்த்தால் இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் கசக்கக் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் ஒரே பேச்சுதான்.

கையை அடக்குவது ஏன் கஷ்டம்? அலர்ஜி இருக்கும் கண்ணைக் கசக்கினால் ஹிஸ்டமின் இன்னும் சுரக்கும், அரிப்பு கூடும், மறுபடியும் கசக்கத் தோன்றும். அதனால் குழந்தையை அதட்டிப் பயனில்லை, அலர்ஜிக்குத்தான் வைத்தியம் தேவை. அதற்காக மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விட்டால் கண்புரை, கண் அழுத்த நோய் என்று வேறு வம்பு வரும். அரிக்கும்போது மூடிய இமை மேல் ஈரத்துணியை ஒற்றி எடுத்தாலே ஓரளவு அடங்கும்.

முன்கூட்டியே கண்டுபிடித்தால் ரிபோஃப்ளேவின் சொட்டு மருந்தும் புற ஊதா ஒளியும் கொண்டு இழைகளை இறுக்கும் 'கிராஸ் லிங்கிங்' சிகிச்சை, நோய் மேலும் முற்றாமல் பெரும்பாலும் நிறுத்திவிடும். போன பார்வையை முழுசாக அது திருப்பித் தராது. மிகவும் முற்றினால் கார்னியா மாற்று அறுவை சிகிச்சைதான். கண்ணாடியைக் கழற்ற லேசிக் செய்ய நினைப்பவர்களுக்கு முதலில் கார்னியா ஸ்கேன் எடுப்பதும் இதற்காகத்தான்: கெரட்டோகோனஸ் இருந்தால் லேசிக் கிடையாது.