பெரிய எண்ணைக் கண்டு அஞ்சலாமா?

சங்கரன்கோவிலுக்கு எழுதும் கடிதத்தின் மேல் 627756 என்று குறிக்கிறோம். இது அஞ்சல் குறியீட்டு எண். 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்த முறை. எழுதியவுடன் அந்த எண்ணை மறந்துவிடுகிறோம். அதற்குள் என்ன இருக்கிறது என்று என்றைக்காவது பார்த்ததுண்டா?

அதை 4ஆல் வகுக்கலாம், பிறகு 3ஆல் வகுக்கலாம், 52313 கிடைக்கும். இதற்குக் காரணி உண்டா? இதன் வர்க்கமூலம் 229க்குச் சற்றுக் குறைவு. ஆகவே 227 வரையுள்ள 49 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஒன்றுகூட மீதியின்றி வகுக்கவில்லை. எனவே 52313 ஒரு பகா எண்.

இனி, அதே 627756ஐ ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதுவோம்:

627756 = 9⁶ + (2 × 6⁶) + (4 × 3⁶) + 2⁶ + (23 × 1⁶)

மொத்தம் 31 உறுப்புகள். எவ்வளவு பெரிய எண்ணாயினும் இப்படி ஒரு வரம்புக்குள் எழுத முடியுமா? இங்கிலாந்தின் வாரிங் 1770இல் எழுப்பிய கேள்வி இது. ஆறாம் அடுக்குக்கு 73 உறுப்புகள் போதும் என்று 1940இல் நிரூபித்தவர் எஸ். எஸ். பிள்ளை. 73க்குக் குறைக்கவும் இயலாது. 703ஐப் பாருங்கள். அது 3⁶ ஆகிய 729ஐவிடச் சிறியது. எனவே 64ஐயும் 1ஐயும் மட்டுமே பயன்படுத்தலாம். பத்து 64கள் சேர்ந்தால் 640. எஞ்சிய 63க்கு அறுபத்து மூன்று 1கள். ஆக 73.

பிள்ளை 1901இல் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தவர். வல்லமும் சங்கரன்கோவிலும் இன்று ஒரே தென்காசி மாவட்டத்தில் உள்ளன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1950இல் அமெரிக்காவுக்குச் செல்லும் வழியில், கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார். இராமானுஜனைப் போற்றும் நாம், பக்கத்து ஊர்க்காரரான இவரையும் அறிந்திருக்க வேண்டாமா?

விடை சரியாக வந்தால் கணக்கு முடிந்தது என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. கணிப்பொறி கோடி எண்களைச் சோதித்துக் காட்டலாம். ஆனால் கோடிக்கு அடுத்த எண்ணைப் பற்றி அந்தச் சோதனை எதுவும் சொல்லாது. அதைச் சொல்ல நிரூபணம் வேண்டும். சோதனைக்கும் நிரூபணத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பள்ளி வயதிலேயே உணர வேண்டும் என்பது என் கருத்து.

"பாடம் முடிக்கவே நேரமில்லை, இதற்கு எங்கே போவது?" என்று ஆசிரியர்கள் கேட்கலாம். வகுபடும் விதிகள், வர்க்கமூலம், அடுக்குகள் – மேலே நாம் பயன்படுத்தியவை எல்லாம் பாடத்தில் உள்ளவையே. மதிப்பெண் இல்லாமல், வாரத்தில் ஒரு வகுப்பு, ஓர் எண்ணை எடுத்து ஆராய விடுங்கள். பாடமும் மனத்தில் பதியும், எண்ணைக் கண்ட அச்சமும் அகலும்.

நண்பர்களே! உங்கள் ஊர் அஞ்சல் எண்ணை இன்றே எடுங்கள். 73 ஆறாம் அடுக்குகளுக்குள் எழுதிப் பாருங்கள். வரவில்லையென்றால் எண்ணின் மேல் பழி போடாதீர்கள்; வழி உண்டு என்று வல்லத்துக்காரர் நிரூபித்துவிட்டார். இன்னும் ஒருமுறை தேடுங்கள்!