சாக்கும் செல்போனும்

பள்ளியில் அம்பேத்கரைத் தனிச் சாக்கில் உட்கார வைத்தார்கள். ஆனாலும் பாடம் அவர் காதில் விழுந்தது. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது நம் பிள்ளைகளுக்கு அந்தச் சாக்குகூட இல்லை.

வசதியான தனியார் பள்ளிகள் ஜூம், கூகுள் மீட் என்று காணொலி வகுப்புக்குப் போயின. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி. அங்கே வாத்தியாரைக் கேள்வி கேட்கலாம். இங்கே வாயை மூடிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

காணொலி வகுப்புக்கு என்ன வேணும்? செல்போன், டேட்டாவுக்குக் காசு, சிக்னல், உட்காரத் தனியா ஒரு மூலை. செங்கம், தண்டராம்பட்டு பக்கத்துச் சேரிகளில், கூலிக்குப் போகிற வீட்டில் இருப்பது ஒரே போன் என்றால் அதுவும் கூலிக்குப் போய்விடும். ஜவ்வாது மலையில் சிக்னலைத் தேடி மேடு ஏறணும்.

"இதுல சாதி எங்கய்யா வந்துச்சு?" என்பார்கள். தென்முடியனூர் கோயிலுக்குள் 2023 ஜனவரி 30 அன்று நம் மக்கள் போலீஸ் காவலோடு நுழைந்தார்கள். அந்தக் கதவு கண்ணுக்குத் தெரிந்தது. இந்தக் கதவு தெரியவில்லை. 'வெளியே போ' என்று ஒருத்தரும் சொல்லவில்லை. வெளியே நின்றது மட்டும் நாம்தான்.

திரை நமக்குப் பகை அல்ல, தோழர்களே. இயற்பியல் ஆசிரியர் இல்லாத ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்குச் சென்னையிலிருந்து ஒருவர் காணொலியில் பாடம் நடத்தட்டும். நம் பிள்ளை எழுந்து எதிர்க்கேள்வி கேட்கட்டும். ஆனால் திரையைக் காட்டிக் காலியிடத்தை மூடாதே. கருவியை வீட்டின் தலையில் கட்டாதே. பள்ளியிலும் சேரி நூலகத்திலும் பொதுச்சொத்தாக வை.

கேட்கிற காது மட்டும் போதாது. கேள்வி கேட்கிற வாயும் வேணும்.