சதுரங்கத்துக்கு விடை உண்டா?

வெள்ளவத்தையில், கடலோரப் புகையிரதப் பாதைக்கு அண்மையில் எமது நண்பர் ஒருவரின் இல்லம் உள்ளது. சென்ற வாரம் அங்கே சென்றிருந்தோம். நண்பரின் மகன் உயர்தர வகுப்பில் கணிதம் பயில்பவன். பாடசாலைச் சதுரங்கக் குழுவிலும் ஆடுபவன். எம்மைக் கண்டதும் பலகையை விரித்து வைப்பது அவனது வழக்கம். அன்றோ கைபேசியும் கையுமாக வாளாவிருந்தான். பலகை அலுமாரியின் மேலே ஏறிவிட்டிருந்தது. காரணம் வினவினோம்.

"சேர், எந்த நிலையைக் காட்டினாலும் சிறந்த நகர்த்தலை இது நொடியில் சொல்லிவிடுகிறது. கணினி விடை கண்டு முடித்த ஆட்டத்தோடு நான் ஏன் மினக்கெட வேண்டும்?" என்றான்.

அவன் கூற்றில் ஒரு மயக்கம் உண்டு. ஆட்டத்தில் வெல்வது வேறு. ஆட்டத்தையே தீர்ப்பது வேறு. 1997ஆம் ஆண்டில் 'டீப் புளூ' என்னும் கணினி, உலக வீரர் கஸ்பரோவை ஆறு ஆட்டங்கள் கொண்ட போட்டியில் வென்றது. இன்று கைபேசியே பெருவீரரை வெல்லும். ஆயினும் அஃது எதிரியைவிட நன்றாக ஆடுகிறது என்பதே அதன் பொருள். தீர்ப்பதாயின், எதிரி எவ்வாறு ஆடினாலும் முடிவு இதுவே என முதல் நகர்த்தலிலிருந்து ஐயமற நிறுவுதல் வேண்டும். வெள்ளைக்கு வெற்றி, கறுப்புக்கு வெற்றி, அன்றிச் சமநிலை ஆகிய மூன்றில் ஒன்றே உண்மையாக இருக்கவேண்டும் என்பதை ஸேர்மெலோ என்னும் கணித அறிஞர் 1913இல் ஆராய்ந்து எழுதினார். அம்மூன்றில் எது என்பதை இன்றுவரை எவரும் நிறுவியதில்லை. சமநிலை என்றே வல்லுநர் பலரும் கருதுகின்றனர். ஆனால் கருத்து நிறுவல் ஆகாது என்பதைக் கணித மாணவனுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

சிறிய ஆட்டங்கள் சில தீர்க்கப்பட்டுள்ளன. டாம் ஆட்டத்தின் இனத்தைச் சேர்ந்த 'செக்கர்ஸ்' ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். கனடாவின் அல்பேட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யொனதன் ஷெஃபர் 1989இல் தொடங்கிய முயற்சி, இருவரும் பிழையின்றி ஆடினால் அது சமநிலையில் முடியும் என 2007இல் நிறுவியது. எமது ஆடுபுலி ஆட்டத்துக்கு உறவான நேபாளத்துப் 'பாக் சால்', 4 புலிகளும் 20 ஆடுகளும் கொண்டது. அதுவும் சமநிலையே எனக் கணினியின் துணைகொண்டு காட்டப்பட்டது.

சதுரங்கமோ பெருங்கடல். செக்கர்ஸ் ஆட்டத்தில் தோன்றக்கூடிய நிலைகளின் தொகை 21 இலக்க எண். சதுரங்கத்தில் அது 1க்குப் பின்னால் ஏறத்தாழ 44 பூச்சியங்கள். ஒரு நொடியில் இலட்சங்கோடி நிலைகளை ஆராயும் பொறி ஒன்று இருப்பினும், அவை அனைத்தையும் பார்த்து முடிக்க ஆகும் ஆண்டுகளை எழுத 25 இலக்கங்களேனும் வேண்டும். பிரபஞ்சத்தின் வயதான ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளை எழுத 11 இலக்கங்கள் போதும். பலகையில் அரசர் உட்பட 7 காய்களே எஞ்சிய நிலைகளுக்கு 2012இல் மொஸ்கோவில் முழு விடை கண்டனர். ஆட்டம் தொடங்குவதோ 32 காய்களுடன். நிலைகள் யாவற்றையும் பார்க்காமலே தீர்க்கும் குறுக்குவழி ஒன்று நாளை கிடைத்தல் கூடும்; செக்கர்ஸ் ஆட்டமும் அவ்வாறே தீர்ந்தது. ஆகவே ஒருபோதும் இயலாது என்று அறுதியிட்டுரைக்க நாம் துணியோம்.

அப்படி ஒரு நாள் விடை கிடைத்தாலும் என்ன? அந்த 7 காய் விடைகளிலே, வெற்றிக்கு 500க்கு மேற்பட்ட நகர்த்தல்கள் தேவைப்படும் நிலையும் உண்டு. ஒவ்வொரு நகர்த்தலும் சரியானதே. ஆனால் ஏன் சரி என்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை. கணிதப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடைகள் அச்சிடப்பட்டிருக்கின்றன. அதற்காக வகுப்பில் நாம் கணக்குச் செய்விப்பதை நிறுத்துவதில்லை. விடையை மட்டும் பார்த்தெழுதிப் பழகிய பிள்ளை, பரீட்சை மண்டபத்தில் புதிய வினாவின் முன் திகைத்து அமர்ந்திருப்பதை ஆண்டுதோறும் கண்டு வருந்துபவர் நாம்.

2024 டிசெம்பரில் சிங்கப்பூரில், தமது 18ஆம் வயதில் உலகப் பட்டம் வென்ற சென்னை இளைஞர் குகேஷின் கதையைப் பையனுக்குச் சொன்னோம். கணினிகள் மலிந்த காலத்தில் வளர்ந்தவர் அவர். ஆயினும் பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னாவின் நெறிப்படி, இளமைப் பயிற்சியில் நெடுங்காலம் அவற்றின் துணையை நாடாமல், தாமே சிந்தித்து நிலைகளை எடைபோட்டுப் பழகினார். கணினி பின்னரே வந்தது.

பையன் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் கதிரையில் ஏறிப் பலகையை இறக்கினான். அன்றிரவு ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் தோற்றவர் நாமே. எந்த இடத்தில் பிழைவிட்டோம் என்பதை, கைபேசியைத் தொடாமலே அவன் எமக்கு விளக்கினான்.